கழுத்தில் முறியும் ஷவல்: மெட்டல் டிடெக்டர் வேலைக்கு உறுதியான தோண்டுகருவியைத் தேர்ந்தெடுப்பது பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

நிகழ்வு

நெடுநாள் உழாமல் கிடந்த மேய்ச்சல் நிலம். மேலே அடர்ந்த புல், அதற்குக் கீழே காய்ந்து இறுகிய களிமண், ஓரத்து மரங்களின் வேர்கள் இடையிடையே ஓடுகின்றன. மண்ணில் புதைந்த உலோகத்தைத் தேடும் டிடெக்டர் ஒரு சாண் ஆழத்தில் தெளிவான சிக்னல் தருகிறது. ஷவலை மிதித்து, தகடு முழுக்க இறங்கும்படி சுற்றிலும் வெட்டியாகிவிட்டது. மண்கட்டியைக் கிளப்பக் கைப்பிடியைப் பின்பக்கம் சாய்த்து நெம்பும்போது தண்டு லேசாக வளைகிறது. முழங்காலில் வைத்து நிமிர்த்திவிட்டு வேலை தொடர்கிறது. இன்னும் சில குழிகள் தாண்டியதும், தகடும் தண்டும் சேரும் இடத்தில் ஷவல் இரண்டாக முறிந்து, கைப்பிடி மட்டும் கையோடு வருகிறது.

டிடெக்டரோடு நிலத்தில் இறங்குகிறவர்களிடம் திரும்பத் திரும்பக் காணும் முறிவு இது. இங்கே எடுத்துக்கொண்டது அந்த வகைக்கு ஒரு மாதிரி நிகழ்வு. கருவியின் அளவுகள், சின்னத் தோட்ட ஷவல்களில் வழக்கமாக இருக்கும் அளவுகள்: மொத்த நீளம் 78 செ.மீ.; 25 மி.மீ. வெளிவிட்டமும் 1.5 மி.மீ. சுவரும் கொண்ட மென் எஃகுக் குழாய்த் தண்டு, 13 செ.மீ. அகலம், 20 செ.மீ. நீளம், 1.5 மி.மீ. கனத்தில் ஸ்டெயின்லெஸ் தகடு, குறுக்குக் கைப்பிடி, மொத்த எடை ஒரு கிலோவை ஒட்டி. தண்டின் கீழ்நுனி தகட்டின் மேல்விளிம்போடு நேராகப் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. மேலே கருப்பு பவுடர் கோட்டிங்.

“மட்டமான எஃகு” என்று சொல்லி, அதைவிடக் கனமான தகடுள்ள ஷவலை வாங்கிவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கும். அப்படி வாங்கியதும் அதே இடத்தில் முறிந்தால் காரணம் வேறெங்கோ இருக்கிறது என்று அர்த்தம். இந்த முறிவில் தகட்டின் பங்கு மிகக் குறைவு. டிடெக்டர் வேலைக்கான ஷவலின் உறுதி முதலில் அதன் கழுத்தில், அதாவது தகடும் தண்டும் சேரும் இடத்தில்தான் தீர்மானமாகிறது. எஃகு, தகட்டின் கனம், வாயின் வடிவம் எல்லாம் அதற்குப் பிறகு.

முறிவுப் பரப்பு சொல்வது

முறிந்த நுனியைத் துடைத்து, நல்ல வெளிச்சத்தில் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். குழாயின் வட்டச் சுவர் முழுதும் ஒரே நிறமாக இருக்காது. ஒரு பக்கத்தில், பிறைபோல, பழுப்பேறித் துருப்பிடித்த பகுதி இருக்கும். மண் அதற்குள் புகுந்து அப்பியிருக்கும். மீதிச் சுவர் சாம்பல் நிறத்தில், புதிதாகக் கிழிந்த பளபளப்போடு இருக்கும். பழுத்த பகுதி என்றைக்கோ வெடித்துவிட்டது. ஒவ்வொரு மிதிக்கும் ஒவ்வொரு நெம்புக்கும் அந்த வெடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து, மிச்சமிருந்த சுவர் பாரம் தாங்காத அன்று மொத்தமாகக் கிழிந்திருக்கிறது. கோட்டிங் மேலே மூடியிருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை.

பிறை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் முக்கியம். அநேகமாக அது தகட்டின் உட்குழிவுப் பக்கம், அதாவது தோண்டுகிறவருக்கு எதிர்ப்பக்கம் இருக்கும். கைப்பிடியைத் தன்பக்கம் இழுக்கும்போது தண்டின் முன்முகம் இழுபடுகிறது, பின்முகம் அமுங்குகிறது. இழுபடும் முகத்தில், வெல்டிங் முடிந்து வெறும் குழாய் தொடங்கும் அந்த ஓரக்கோட்டில்தான் வெடிப்பு பிறக்கும். வெல்டிங் சூட்டில் பக்கத்து உலோகத்தின் தன்மை மாறியிருக்கும். வடிவமும் அங்கே சட்டென்று மாறுகிறது. இரண்டு பலவீனமும் ஒரே கோட்டில் விழுகின்றன.

வெல்டிங்குக்குப் பதில் ரிவெட் அடித்த ஷவல் என்றால், வெடிப்பு ரிவெட் துளையின் ஓரத்தில் தொடங்கும். இழுபடும் உலோகத்தில் வட்டத் துளை ஒன்று இருந்தால் அதன் ஓரத்தில் தகைவு (உலோகத்தின் ஒவ்வொரு சிறு பரப்பும் தாங்கும் விசை) சுற்றுப்புறத்தைப்போல ஏறத்தாழ மூன்று மடங்காகும். ரிவெட் துளை தண்டின் முன்முகத்தில் இருந்தால் மோசம். பக்கவாட்டில், வளையும்போது அதிகம் இழுபடாத இடத்தில் இருந்தால் பரவாயில்லை. தயாரித்தவர் யோசித்துச் செய்தாரா என்று காட்டும் சின்ன அடையாளம் அது.

ஏன் கழுத்து?

ஷவலை நெம்பும்போது தரையின் விளிம்புதான் தாங்குபுள்ளி. கை கொடுக்கும் வளைப்பு, தரைமட்டத்தில் எந்த இடம் இருக்கிறதோ அங்கேதான் உச்சத்தை அடையும். தகடு பாதி இறங்கியிருக்கும்போது நெம்பினால் உச்சம் தகட்டின் நடுவில் விழும், தகடு மடங்கும். முழுக்க இறக்கிவிட்டு நெம்பினால் உச்சம் மிதிவிளிம்பை ஒட்டி, கழுத்தில் விழும். டிடெக்டர்காரர்கள் தகட்டை முழுசாக இறக்கித்தான் வெட்டுவார்கள். வளைந்த இடத்தைப் பார்த்தே ஷவல் எப்படிப் பயன்பட்டது என்று சொல்லிவிடலாம்.

இனி கணக்கு. மாதிரி ஷவலில் கழுத்திலிருந்து கைப்பிடி 58 செ.மீ. 70 கிலோ எடையுள்ள ஒருவர் தன் உடல் எடையில் பாதியைக் கைப்பிடியில் சாய்த்தால் 35 கிலோ விசை; கழுத்தில் ஏறத்தாழ 200 நியூட்டன் மீட்டர் வளைப்பு (விசையையும் நெம்புநீளத்தையும் பெருக்கி வரும் அளவு). சாதாரண மென் எஃகு 235 மெகாபாஸ்கல் தகைவில் நிரந்தரமாக வளையத் தொடங்கும் என்று வைத்துக்கொண்டால், வெவ்வேறு குழாய்கள் தாங்குவது இப்படி:

25 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. சுவர்: சுமார் 144 நியூட்டன் மீட்டர். கைப்பிடியில் 25 கிலோ விசை போதும்.
25 மி.மீ. விட்டம், 2 மி.மீ. சுவர்: சுமார் 181. கைப்பிடியில் 32 கிலோ.
32 மி.மீ. விட்டம், 2 மி.மீ. சுவர்: சுமார் 313. கைப்பிடியில் 55 கிலோ.

முதல் இரண்டும் ஒருவர் பாதி எடையைச் சாய்த்தாலே போய்விடும். சுவரை மூன்றில் ஒரு பங்கு கனமாக்கியதில் கிடைத்தது கால்பங்கு உறுதிதான். அதே 2 மி.மீ. சுவரை வைத்துக்கொண்டு விட்டத்தை 25-லிருந்து 32-க்கு ஏற்றினால் உறுதி 1.7 மடங்காகிறது. அதனால் கடையில் இரண்டு ஷவல்களை வைத்துத் தயங்கும்போது, தண்டு எது பருமன் என்பதை முதலில் பார்க்கலாம். விரல்கள் சுற்றிப் பிடிக்கும்போதே வித்தியாசம் தெரியும். இவை வெறும் குழாய்க்கான கணக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். மோசமான வெல்டிங் இந்த எண்களை எவ்வளவு வேண்டுமானாலும் கீழே இழுக்கும்.

மரப்பிடியைப் பலர் பழைய காலத்துச் சாமான் என்று ஒதுக்குகிறார்கள். 38 மி.மீ. பருமனுள்ள, கோடுகள் நேராக ஓடும், கணுவில்லாத ஆஷ் மரப்பிடி கணக்கின்படி 500 நியூட்டன் மீட்டருக்கு மேல் தாங்கும். எடையோ 25 மி.மீ. எஃகுக் குழாயைவிடக் குறைவு. அதன் தொல்லை வேறு. எஃகு வளைந்து எச்சரிக்கும். மரம் எச்சரிக்காமல் முறியும். மரக்கோடுகள் சாய்ந்து பக்கவாட்டில் வெளியேறினால் அந்தச் சாய்விலேயே பிளக்கும். நனைந்து காய்ந்து சுருங்கினால் சாக்கெட்டுக்குள் (பிடியைச் செருகும் உலோகக் குழலுக்குள்) ஆட்டம் கொடுக்கும். தகட்டைத் தாங்கும் சாக்கெட் 20 செ.மீ.க்குக் குறையாமல் மேலே ஏறி மரத்தைக் கவ்வியிருந்தால், மரப்பிடி ஷவலும் இந்த வேலைக்கு நேர்மையான தேர்வுதான்.

சாக்கெட் என்றதும் இன்னொன்று. விலைகுறைந்த ஷவல்களில் தகட்டின் மேல்பாகத்தையே சுருட்டி சாக்கெட் ஆக்கியிருப்பார்கள். பின்னால் திருப்பிப் பார்த்தால் நெடுக ஒரு திறந்த பிளவு தெரியும். மண்கட்டியை விடுவிக்கக் கைப்பிடியைத் திருகும்போது இந்தப் பிளவு வாய் பிளக்கும். மூடிய வட்டக் குழாயை நீளவாக்கில் கீறிவிட்டால், இந்தப் பருமனில் அதன் முறுக்கு விறைப்பு 180-ல் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். உள்ளே மரம் நிரம்பியிருப்பதால் நடைமுறையில் அவ்வளவு மோசமாகாது, ஆனாலும் ரிவெட் தளர்வது இதனால்தான். பிளவு முழுக்கப் பற்றவைத்து மூடியிருக்க வேண்டும்.

தகட்டைப் பற்றி

கனமான தகடு என்றால் உறுதி என்ற நம்பிக்கையில் உண்மை இருக்கிறது, பாதி உண்மை. 13 செ.மீ. அகலமுள்ள தட்டைத் தகடு 1.5 மி.மீ. கனத்தில் தாங்குவது 11 நியூட்டன் மீட்டர்தான். அதே தகட்டை 15 மி.மீ. ஆழத்துக்குக் குழிவாக வளைத்துவிட்டால் 90-ஐத் தொடும். கனத்தை 2.5 மி.மீ. ஆக்கித் தட்டையாகவே விட்டால் 32. அதையும் குழிவாக்கினால் 150. குழிவுதான் தகட்டின் முதுகெலும்பு. நடுவில் அழுத்திய வரிப்பள்ளமும் இதே வேலையைத்தான் செய்கிறது.

குழிவு அளவு மீறக்கூடாது. ஆழக் குழிந்த தகடு மண்ணை அள்ளுவதற்கு நல்லது. வட்டமாக வெட்டும்போது ஒவ்வொரு வெட்டும் அரிவாள்போல வளைந்து விழும், வெட்டுகள் ஒன்றோடொன்று சேராது. அகலத்தில் எட்டில் ஒரு பங்கு ஆழம் போதும். இன்னொரு விஷயம்: குழிவுத் தகடு தன்பக்கம் இழுக்கும் நெம்புக்குத்தான் உறுதி. அப்போது மெல்லிய ஓரங்கள் இழுபடுகின்றன. கைப்பிடியை எதிர்ப்பக்கம் தள்ளி நெம்பினால் ஓரங்கள் அமுங்கி நெளியும். ஓரம் அலையலையாக நெளிந்த ஷவலைப் பார்த்தால் அது முன்பக்கம் தள்ளி நெம்பப்பட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

தண்டுக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள கோணத்தைக் கவனிக்காமல் வாங்குகிறவர்கள் அதிகம். மணல், ஜல்லி அள்ளும் ஷவலில் தகடு தண்டிலிருந்து நன்றாக முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். இந்த வேலைக்கு அது ஆகாது. தண்டு செங்குத்தாக நிற்கையில் தகடும் கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்க வேண்டும். சாய்ந்து இறங்கும் தகடு, குழியின் நடுவிலிருக்கும் பொருளை நோக்கிப் போகும். நாணயத்தின் முகத்தில் ஆழமான கீறல் விழுந்தபின் வருத்தப்பட்டுப் பயனில்லை.

அகலம் 11 முதல் 14 செ.மீ.க்குள், நீளம் 20 முதல் 25 செ.மீ.க்குள் இருப்பது பெரும்பாலான வேலைக்குப் போதும். நாணய அளவுள்ள பொருள்களைச் சாதாரண டிடெக்டர் எட்டுவது பெரும்பாலும் ஒரு சாண் ஆழத்துக்குள்தான். அதைத் தாண்டி நீளும் தகடு கூடுதல் நெம்புநீளத்தை மட்டும் கொடுக்கும்.

நுனி கூராக இருந்தால் இறுகிய மண்ணில் எளிதாக இறங்கும், சரளையில் சுருண்டுவிடும். வட்ட நுனி எல்லாவற்றுக்கும் பொது. ரூட் ஸ்லேயர் வகையில் நுனி தலைகீழ் வி வடிவத்தில் உள்வாங்கியிருக்கும். வேர் அந்தப் பள்ளத்தில் சிக்கி நழுவாமல் அறுபடும். வேர் நிறைந்த நிலத்துக்கு அது அருமை, கல்நிலத்தில் இரண்டு கொம்பும் மாறி மாறி அடிவாங்கும். பக்கவாட்டு ரம்பப் பற்கள் விரல் கனமுள்ள வேர் வரைக்கும்தான். பல் கீழ்நோக்கி இருந்தால் மிதிக்கும்போது அறுக்கும், மேல்நோக்கி இருந்தால் இழுக்கும்போது அறுக்கும். அதைவிடப் பருத்த வேரை ஷவலால் நெம்பக் கூடாது. மடிக்கும் கிளைரம்பம் ஒன்று பையில் இருந்தால் கழுத்து பிழைக்கும். மரமும் பிழைக்கும், சுற்றிப்போய் வேறிடத்தில் வெட்டுவது அதைவிட நல்லது.

எஃகு

ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது. அது வளையாது என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. பரவலாகப் பயன்படும் 304 ரகத்தைச் சூடேற்றித் தோய்த்துக் கடினப்படுத்த முடியாது. பதப்படுத்தாத நிலையில் அது மென் எஃகைவிடவும் கொஞ்சம் முன்பாகவே வளையும். 420 போன்ற ரகங்களைக் கடினப்படுத்தலாம். விளம்பரத்தில் “ஸ்டெயின்லெஸ்” என்று மட்டும் இருந்தால் 304 என்றே வைத்துக்கொள்வது பாதுகாப்பு. கடற்கரையில் உப்புநீரோடு மல்லுக்கட்டும் கருவிக்கு அது சரி. காய்ந்த களிமண்ணில் நெம்புவதற்கு அதன் துருப்பிடிக்காமை உதவாது.

குரோமியமும் மாலிப்டினமும் கலந்த 4130 எஃகு, சாதாரணப் பதத்திலேயே 435 மெகாபாஸ்கல் வரை வளையாது. அதே 25 மி.மீ., 1.5 மி.மீ. குழாயை இந்த எஃகில் செய்தால் 144-க்குப் பதில் சுமார் 267 நியூட்டன் மீட்டர். எடை கூடவே இல்லை. டிடெக்டர் வேலைக்கென்றே வரும் விலைகூடிய ஷவல்களில் நாம் காசு கொடுப்பது முக்கியமாக இதற்குத்தான். ஒன்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும். எல்லா எஃகுக்கும் விறைப்பு ஏறத்தாழ ஒன்றே. நல்ல எஃகுத் தண்டும் அதே அளவு வளைந்துகொடுக்கும், விட்டதும் நேராகிவிடும். நெம்பும்போது வளைகிறதே என்று பயப்பட வேண்டியதில்லை. டைட்டானியம் எஃகைவிட நாற்பது சதவீதத்துக்கு மேல் எடை குறைவு. விறைப்பும் கிட்டத்தட்ட பாதிதான், அதனால் இன்னும் அதிகமாகத் துள்ளும். நாள் முழுக்கத் தூக்கி நடப்பவருக்கு அது பொருந்தும்.

தகட்டு வாய்க்குப் பதப்படுத்திய கார்பன் எஃகு சிறந்தது. பதம் அளவோடு இருக்க வேண்டும்: குறைந்தால் வாய் மடியும், கூடினால் கல்லில் பட்டு சில்லு தெறிக்கும்.

ஒட்டுப்போட்ட பழுது

முறிந்த ஷவலைத் தூக்கிப்போட மனம் வராது. கழுத்தைச் சுற்றி 10 செ.மீ. நீளக் குழாய்த் துண்டைச் செருகி, இரண்டு முனையிலும் வட்டமாக வெல்டிங் அடித்துத் தருவார்கள். கழுத்து இப்போது கெட்டி. அடுத்த முறிவு, செருகிய துண்டின் மேல்முனையில், வெல்டிங் ஓரத்தில் விழும். கனம் இரட்டிப்பாக இருந்த இடம் சட்டென்று ஒற்றையாகும் அந்தக் கோட்டுக்குப் பலவீனம் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

பழுது பார்ப்பதென்றால் செருகும் குழாயின் முனையை நேராக அறுக்காமல் மீன்வாய்போல இரண்டு நாக்காகச் சரித்து அறுக்க வேண்டும். விமானச் சட்டக் குழாய்களைப் பழுது பார்ப்பதில் இது நிலைபெற்ற முறை. கனம் படிப்படியாகக் குறைவதால் ஒரே வட்டக்கோட்டில் பாரம் விழாது. வெல்டிங் தண்டை முழுவட்டமாகச் சுற்றக்கூடாது. இழுபடும் முன்முகத்தின் நட்டநடுவில் வெல்டிங் முடியவும் கூடாது. பதப்படுத்திய தகட்டில் வெல்டிங் கிட்டப் போனால் சுற்றிலும் பதம் போகும். கார்பன் அதிகமான எஃகு என்றால் வெல்டிங் வேகமாக ஆறும்போது அந்த ஓரம் கண்ணாடிபோல நொறுங்கும் தன்மை பெறும். இவ்வளவும் பார்த்துச் செய்யும் பட்டறை கிடைக்காவிட்டால் புது ஷவல்தான் மலிவு.

மாற்றுகளை எடைபோட்டது

மாதிரி நிலத்துக்கு மூன்று வகை கருவிகளை ஒப்பிடலாம். மடிக்கும் ராணுவ ஷவல் முதலிலேயே விலகிவிடுகிறது. அதன் கழுத்தே ஒரு கீல். பூட்டும் மரைக்குள் மணல் புகுந்தால் பாதியில் நெகிழும், நெம்பினால் கீலின் ஆணி வளையும். அவசரத்துக்கு வண்டியில் கிடக்கலாம்.

இரண்டாவது, 32 மி.மீ. மென் எஃகுத் தண்டும் 2.5 மி.மீ. பதப்படுத்திய கார்பன் எஃகுத் தகடும் கொண்ட குட்டி ஷவல். இரண்டு கிலோவை நெருங்கும். மூன்றாவது, 25 மி.மீ. 4130 தண்டுள்ள டிடெக்டர் ஷவல். எடை அதைவிடக் கணிசமாகக் குறையும், விலை கணிசமாகக் கூடும். கணக்கில் இரண்டாவது சற்று முன்னால் நிற்கிறது: 313-க்கு எதிராக 267. இரண்டுமே 200-ஐத் தாண்டுகின்றன. நிலத்தில் அதிகம் நடப்பவர் மூன்றாவதையும், ஒரே வயலில் நின்று தோண்டுபவர் இரண்டாவதையும் எடுக்கலாம். ஆனால் இரண்டிலும் ஒரு நிபந்தனை தளராது. தண்டு தகட்டின் மேல்விளிம்போடு முடிந்துவிடக் கூடாது. சப்பையாகி, தகட்டின் மேல் 6 முதல் 8 செ.மீ.யாவது கீழிறங்கி, இரு பக்கமும் நெடுக வெல்டிங் ஆகியிருக்க வேண்டும். அப்போது பாரம் ஒரு கோட்டில் விழாமல் ஒரு நீளத்தில் பரவும். மிதிவிளிம்பிலிருந்து தண்டுக்கு இரண்டு முக்கோணத் தாங்குகட்டைகள் இருந்தால் இன்னும் நல்லது. இது இல்லாத ஷவல் எந்த எஃகில் செய்ததானாலும் வேண்டாம்.

உயரத்தையும் பார்க்க வேண்டும். தகடு முழுக்க மண்ணில் இறங்கியபின்னும் அதிகம் குனியாமல் கைப்பிடி எட்ட வேண்டும். சராசரி உயரமுள்ளவருக்கு 90 முதல் 100 செ.மீ. நின்று தோண்ட வசதி. மண்டியிட்டுத் தோண்டுபவருக்கு 45 முதல் 50 செ.மீ. போதும், ஆனால் அதில் மிதிக்க முடியாது, கையால் குத்தித்தான் இறக்க வேண்டும். பூங்காக்களிலும் புல்வெளிகளிலும் சிறு கைக்கருவிக்கு மட்டுமே அனுமதி கிடைக்கும் இடங்கள் உண்டு. அங்கே ஷவலுக்குப் பதில், லெஷே வகைபோல ஒரு பக்கம் ரம்பப்பல் உள்ள கைத்தோண்டிதான் சரி. அனுமதியே இல்லாத இடத்திலும் பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களிலும் எந்தக் கருவியும் இறங்கக் கூடாது.

வாங்கும் முன் கையால் செய்யும் சோதனை

தண்டைத் துப்பாக்கிபோலக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். கோணல் இருந்தால் தெரியும். தகட்டைத் தொங்கவிட்டு விரல்கணுவால் தட்டினால் மணிபோல ஒலிக்க வேண்டும். கிரீச்சென்றோ சப்பென்றோ கேட்டால் ரிவெட் தளர்வு அல்லது வெல்டிங் விடுபட்டிருக்கிறது. வெல்டிங்கை விரல்நுனியால் சுற்றித் தடவுங்கள். ஊசித்துளை, வெல்டிங்குக்கும் குழாய்க்கும் இடையே பள்ளக்கோடு, பின்பக்கம் வெல்டிங்கே இல்லாத இடைவெளி மூன்றையும் கோட்டிங் மறைக்கும். கண்ணைவிட நகம் நன்றாகக் கண்டுபிடிக்கும்.

வாயின் ஒரு மூலையில் நல்ல அரத்தை ஒருமுறை இழுத்துப் பார்க்கக் கடைக்காரர் சம்மதித்தால் பாதி வேலை முடிந்தது. மென் எஃகில் அரம் வெண்ணெய்போல இறங்கும். பதமான எஃகில் சிரமப்பட்டுக் கடிக்கும். வழுக்கிக்கொண்டே போனால் பதம் அதிகம், சில்லு தெறிக்கும் ஆபத்து உண்டு.

வீட்டுக்கு வந்தபின் செய்யக்கூடிய சோதனை ஒன்று: தகட்டை இரண்டு கனத்த பலகைகளுக்கு இடையில் மிதிவிளிம்பு வரை இறுக்கிக் கட்டி, கைப்பிடியில் தொங்குதராசின் கொக்கியை மாட்டி, 30 கிலோ காட்டும்வரை தன்பக்கம் இழுத்து விடுங்கள். கைப்பிடி பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். சில மில்லிமீட்டருக்கு மேல் திரும்பாமல் நின்றால் அந்த ஷவலைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். இழுக்கும்போது எதிரே யாரும் நிற்க வேண்டாம்.

மிதிவிளிம்பு குறைந்தது 2 செ.மீ. ஆழமாவது வெளியே நீட்டி, விளிம்பு உருண்டையாக இருக்கட்டும். தகட்டையே மடித்த மெல்லிய விளிம்பு ஒரே நாளில் காலணியின் நடுவில் பள்ளம் போட்டுவிடும்.

முறிவைத் தவிர்க்கும் வெட்டு

கருவி எவ்வளவு நல்லதானாலும், எல்லாக் குழியையும் நெம்பியே திறப்பவர் கையில் அது நிலைக்காது. 22 செ.மீ. அகலமும் 18 செ.மீ. ஆழமும் உள்ள மண்கட்டி 11 கிலோ வரும். அந்த எடை ஷவலுக்குப் பொருட்டே இல்லை. கட்டியின் அடிப்பரப்பு கீழ்மண்ணோடு ஒட்டியிருக்கிறதே, அதைப் பிய்ப்பதுதான் பாரம்.

குறுக்கும் நெடுக்குமாக இரண்டு திசையில் காயிலை (டிடெக்டரின் நுனியிலுள்ள தேடும் வட்டை) ஓட்டிச் சிக்னலின் நடுவைக் குறித்தபின், அந்த நடுவிலிருந்து 10 செ.மீ.க்குக் குறையாமல் விலகி, தகட்டைச் செங்குத்தாக மிதித்து லாட வடிவில் வெட்டுங்கள். ஒரு பக்கம் வெட்டாமல் விட்டால் புல்வேர் அந்தப் பக்கத்தில் உயிரோடு இருக்கும், மூடியபின் புல் காயாது. ஒவ்வொரு வெட்டிலும் தகடு இறங்கியதும் கைப்பிடியை முன்னும் பின்னும் லேசாக அசைத்து வெட்டை அகலப்படுத்துங்கள். கட்டியைக் கிளப்பும்போது விட்ட பக்கத்துக்கு எதிரிலிருந்து தொடங்குங்கள். வரவில்லையென்றால் அங்கே விசையைக் கூட்டக் கூடாது. தகட்டை உருவி, வெட்டிய கோட்டிலேயே மறுபடி இறக்கி, நுனியைச் சற்று உள்ளே சாய்த்து அடிமண்ணை அறுக்க வேண்டும். பொருள் இருக்கும் ஆழத்துக்குக் கீழே அந்த நுனி போக வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. கைப்பிடியில் ஒரு கைக்கு மேல் எடை கொடுக்கத் தோன்றினால் இன்னும் வெட்டு பாக்கி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பெரிய இரும்புச் சிக்னல் ஆழத்தில் கேட்டால், அதுவும் பழைய போர் நடந்த நிலமென்றால், மிதித்து வெட்டுவதே கூடாது. மண்ணைக் கையால் விலக்கி, குண்டு போன்ற எதுவும் கண்ணில் பட்டால் தொடாமல் விலகி அதிகாரிகளிடம் சொல்ல வேண்டும்.

காயிலை ஓட்டும்போது ஷவல் ஒரு மீட்டருக்கு மேல் தள்ளியே கிடக்கட்டும். ஸ்டெயின்லெஸ், டைட்டானியம் எல்லாமே சிக்னல் தரும். குழிக்குள் பின்பாயிண்டர் (பொருளின் இடத்தைத் துல்லியமாகக் காட்டும் கையடக்க டிடெக்டர்) விடும்போதும் தகட்டை வெளியே எடுத்துவிட வேண்டும்.

வாயும் கழுத்தும்

மழுங்கிய ஷவலுக்கு மிதி அதிகம், நெம்பு அதிகம், கடைசியில் அதுவும் கழுத்தில்தான் முடியும். ஒரு பக்கம் மட்டும், 30 முதல் 45 பாகைச் சரிவில், தட்டை அரத்தால் முன்னோக்கித் தள்ளிக் கூர் வையுங்கள். பின்பக்கம் எழும் பிசிரை ஒரு இழுப்பில் எடுத்துவிடலாம். கிரைண்டரில் பிடித்தால் வாய் நீலநிறமாகும். ஏறத்தாழ 300 டிகிரியை அது தொட்டுவிட்டது என்று பொருள். அந்த இடத்தில் பதம் இளகியிருக்கும். நீலம் போகும் வரை அரத்தால் தேய்த்துவிடுவதைத் தவிர வழியில்லை.

கழுத்தை அவ்வப்போது சோதிக்கப் பட்டறைக்காரர்களின் பழைய முறை ஒன்று போதும். வெல்டிங் சுற்றியுள்ள கோட்டிங்கைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவிக் கால்மணி நேரம் ஊறவிட்டு, துணியால் உலரத் துடைத்து, மேலே சுண்ணாம்புக் கட்டியை அழுத்தித் தேய்க்க வேண்டும். வெடிப்பு இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து, வெள்ளையில் மெல்லிய கருங்கோடாக எழும். முன்முகத்தில் அந்தக் கோடு தெரிந்தால் ஷவலை நெம்பு வேலையிலிருந்து உடனே எடுத்துவிடுங்கள். தளர்ந்த மண்ணை அள்ளவும் குழியை மூடவும் அது இன்னும் நெடுநாள் உழைக்கும்.